அமெரிக்கக் குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேடுவது எப்படி?

இதற்கு வேண்டியவை இணைய வசதி, பழைய குடும்பப் பதிவுகளைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் ஓர் இலவசக் கணக்கு, ஒரு தடித்த நோட்டு. முதல் பயிற்சிக்கு ஆபிரகாம் லிங்கனின் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரும் ஆண்டும் ஏற்கெனவே தெரிந்த குடும்பம் என்பதால், பதிவேடு எங்கே தவறுகிறது என்று உடனே சரிபார்க்க முடியும்.

படி 1: அண்மையிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

புகழ்பெற்ற மூதாதையரிடம் தொடங்கிக் கீழே இறங்கி வராதீர்கள்; வேறு யாரோ ஒருவரின் வம்சத்தில் போய் நிற்பீர்கள். அமெரிக்க சென்சஸ் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுவுக்கு வரும். 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளியாயின. தேடல் அங்கிருந்து தொடங்கட்டும். நோட்டில் பத்தாண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வீட்டில் இருந்தவர்கள், வயது, பிறந்த மாநிலம், தொழில் ஆகியவற்றை எழுதுங்கள். முந்தைய பக்கத்திலும் அடுத்த பக்கத்திலும் உள்ள அண்டை வீட்டாரையும் குறித்துக்கொள்ளுங்கள். மாமனார் வீடு பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

படி 2: எந்த ஆண்டில் எதைக் கேட்டார்கள்?

1940-இல் தகவல் தந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் வட்டமிட்ட பெருக்கல் குறி இருக்கும். 1900-இல் பிறந்த மாதமும் ஆண்டும் உண்டு. தாய்க்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்றும் கேட்டார்கள். இரு சென்சஸுக்கு நடுவே பிறந்து இறந்த பிள்ளைகளின் தடயம் பல நேரம் இந்தக் கட்டத்தில்தான் மிஞ்சியிருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதை 1880 முதல்தான் எழுதினார்கள். அதற்கு முந்தைய தாளில் ஒரே வீட்டில் இருக்கும் பெண்ணை மனைவி என்று நீங்களாக முடிவு செய்யக்கூடாது, தங்கையாகவும் இருக்கலாம்.

1890-ஆம் ஆண்டுத் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீவிபத்தில் பாழாகின; எஞ்சியவையும் பின்னர் பெரும்பாலும் அழிக்கப்பட்டன. 1880-இல் ஐந்து வயதாக இருந்த பெண் 1900-இல் கணவர் குடும்பப் பெயரோடு வேறு வீட்டில் இருப்பார். இந்த இடைவெளியைத் திருமணப் பதிவேடு, நகர முகவரிப் புத்தகம், மாநில சென்சஸ் (கன்சாஸ் 1885, நியூயார்க் 1892 போன்றவை) கொண்டு நிரப்புங்கள்.

படி 3: வயதை அப்படியே நம்பாதீர்கள்

லிங்கனின் மனைவி மேரி பிறந்தது 1818 டிசம்பர். 1850 தாளில் அவருக்கு வயது 28, 1860 தாளில் 35. பத்தாண்டில் ஏழு வயதுதான் கூடியிருக்கிறது! தேடும்போது பிறந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டு இடம் விடுங்கள். மேரியைப் போன்றவர்களுக்கு அதுவும் போதாது.

படி 4: 1850-க்கு முன்னால்

அடிமைகளல்லாத எல்லோருக்கும் பெயர் எழுதியது 1850 முதல்தான். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மற்றவர்கள் வயதுவாரியான வெறும் எண்ணிக்கை. இங்கே நிலப் பத்திரம், வரிப் பட்டியல், உயில், வழக்குப் பதிவுகள்தான் கைகொடுக்கும். லிங்கனின் தந்தை தாமஸ் 1816-இல் கென்டக்கியை விட்டு இண்டியானா போனதற்கு நிலவுரிமைச் சிக்கல் ஒரு முக்கியக் காரணம். அதனால் கவுன்ட்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றப் பதிவுகளிலும் அவரைத் தேட வேண்டும். 1830-இல் இல்லினாய் போனபோது உறவினர்களான ஹாங்க்ஸ், ஹால் குடும்பத்தாரும் உடன் போனார்கள். ஒருவர் தடம் மறைந்தால் உறவினரைப் பின்தொடருங்கள். இருவரும் ஒரே ஊரில் மறுபடி தென்படுவார்கள்.

கவுன்ட்டி எல்லைகள் அடிக்கடி மாறின. இடம்பெயராத குடும்பம்கூட இரண்டு கவுன்ட்டிப் பதிவுகளில் சிதறிக் கிடக்கும்.

படி 5: கறுப்பின மக்களின் குடும்பங்கள்

இங்கே பொறுமை அதிகம் வேண்டும். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும். அடிமைகளின் பெயர் அநேகமாக இருக்காது. விடுதலை பெற்றவர்கள் அனைவரையும் பெயரோடு காட்டும் முதல் சென்சஸ் 1870. அங்கிருந்து விடுதலை பெற்றவர்களுக்கு உதவ 1865-இல் தொடங்கிய ஃப்ரீட்மேன்ஸ் பீரோ என்ற அரசு அமைப்பின் ஆவணங்களுக்கும், அவர்களுக்காக 1874 வரை இயங்கிய ஃப்ரீட்மேன்ஸ் வங்கிக் கணக்கேடுகளுக்கும் போங்கள். வங்கி ஏட்டில் பெற்றோர், உடன்பிறந்தோர், பழைய உரிமையாளர் பெயர்கள்கூடக் கிடைப்பதுண்டு. பிறகு அதே கவுன்ட்டி உரிமையாளர்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் பாருங்கள். அடிமைகளைப் பெயர் சொல்லி, விலை போட்டு எழுதியிருப்பார்கள். விடுதலையானவர் உரிமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள்.

வழக்கமாக எங்கே தவறுகிறது?

கப்பலில் வந்து குடியேறுவோரைச் சோதித்த நியூயார்க் துறைமுக நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை நம்பித் தேடாதீர்கள். கப்பல் புறப்பட்ட இடத்தில் எழுதிய பட்டியலைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயர் பெரும்பாலும் பின்னால், குடியேறியவர் தாமே மாற்றிக்கொண்டது. பெயர் அகப்படாவிட்டால் குடும்பப் பெயரை நீக்கி, முதல் பெயர், வயது, பிறந்த இடம், கவுன்ட்டி கொண்டு தேடுங்கள். பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்துத் தயாரித்த அட்டவணைகள் ஏராளம்.

பிறர் இணையத்தில் ஏற்றிய வம்சமரத்தைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர்–பிள்ளை உறவை உறுதிசெய்ய, வெவ்வேறு ஆட்கள் தகவல் தந்த இரண்டு ஆவணங்களாவது வேண்டும். இறப்புச் சான்றிதழ் இறந்த நாளுக்கு நல்ல சாட்சி. பெற்றோர் பெயருக்கு அவ்வளவு நம்பகமில்லை, மருமகனோ அண்டை வீட்டாரோ சொன்னதாக இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஆண்டு, மாநிலம், கவுன்ட்டி, கணக்கெடுப்பு வட்ட எண், பக்கம், வரி எண் ஆறையும் அன்றே எழுதிவிடுங்கள்.