பெரிய பார்சலும் என் பைக்கும்

வட சென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் பைக்கில் பார்சல் போடுகிறேன். பண்டிகை ஆஃபர் வந்தால் ஒரே நாளில் 70 பார்சல் கூட சேரும். சின்னதெல்லாம் பிரச்சினை இல்லை. சுருட்டிய மெத்தை, நாற்காலி, இவைதான் உயிரை வாங்கும்.

ஒருநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றபோது நைலான் கயிறு தளர்ந்து, மெத்தை நழுவிப் பின்னால் நின்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி மேல் விழுந்தது. "ஏம்ப்பா, படுக்கையோடவே கிளம்பிட்டியா?" என்றார் அதில் உட்கார்ந்திருந்த அம்மா. சுற்றி ஒரே சிரிப்பு.

அன்றே கயிற்றைத் தூக்கிப் போட்டேன். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப்பை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டித் தரச் சொன்னேன். அது அட்டைப்பெட்டியை அறுக்காது, பள்ளத்தில் குலுங்கினாலும் பிடி விடாது. குறுக்கே இரண்டு கட்டு, நெடுக்கே ஒன்று. கேரியரில் ஒரு பலகையும் போல்ட் போட்டு இறுக்கினேன். ஹேண்டில்பாரை விட அகலமான பெட்டியை ஏற்றவே மாட்டேன்; எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் அந்த வீம்பு எதற்கு?

அப்புறம், பெரியதுக்கெல்லாம் காலையிலேயே போன் போட்டுவிடுவேன். வீட்டில் ஆள் இருந்தால்தான் வண்டியில் ஏறும். முதல் சுற்று அவை மட்டும். சின்னது இரண்டாவது சுற்றில், கடைசியாகக் கொடுப்பது பையின் அடியில்.

ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடிக்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. கீழே நின்று, "அக்கா, யாராவது ஒரு பக்கம் புடிங்க" என்று குரல் கொடுப்பதுதான்.