தராசு போர்ட்டை எப்போது மூடுவது?

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறேன். எடைத் திரை, விவசாயி கணக்கு, லேபிள் அச்சு என எல்லாவற்றுக்கும் ஒரே எலக்ட்ரானிக் தராசு. அது கணினிக்கு எடையை அனுப்பும் வழிதான் சீரியல் போர்ட். விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறக்க முடியாது. அதனால் எந்தத் திரையையும் போர்ட்டை நேராகத் தொட விடாதீர்கள். நடுவில் ஒரு கிளாஸ் எழுதுங்கள்.

அதில் இரண்டு ஃபங்ஷன் போதும்: எடு, விடு. (பைத்தான் 3-இல் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.) எடுத்தால், போர்ட்டைப் பயன்படுத்துபவர்களின் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு, விட்டால் ஒன்று கழி. 1960-இலேயே ஜார்ஜ் காலின்ஸ் கட்டுரையாக எழுதிய ரெஃபரன்ஸ் கவுன்டிங் இதுதான்.

பூஜ்யம் ஆனதும் மூடச் சொல்லுவார்கள். மூடாதீர்கள். எடைத் திரையிலிருந்து கணக்குத் திரைக்குப் போகும் இடைவெளியில் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். அப்போதே மூடினால் புளூடூத் அடாப்டர் மறுபடி இணைய வேண்டும், தராசின் எண் நிலைக்க வேண்டும். கொழுந்து மூட்டையோடு வரிசையில் நிற்கும் அக்கா, "ஏன் தம்பி, மிஷின் தூங்குதா?" என்பார்.

பூஜ்யம் ஆனால் டைமர் வையுங்கள். எனக்கு 30 வினாடி சரியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டில் கோட்லின் மொழியில் எழுதுபவர்கள் 5,000 மில்லிவினாடி போடுவது வழக்கம், அது போனைத் திருப்பும்போது திரை மறுபடி உருவாவதற்கான அவகாசம். உங்கள் கணக்கை உங்கள் வரிசையைப் பார்த்துப் போடுங்கள்.

சிக்கல் எல்லாம் டைமரில்தான். இடையில் யாராவது எடுத்தால் டைமரை ரத்து செய்வோம், சரி. ஆனால் ரத்து என்பது இன்னும் காத்திருக்கும் டைமரை மட்டுமே நிறுத்தும். நேரம் முடிந்து, லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) கிடைக்கட்டும் என்று நிற்கும் டைமருக்கு அது கேட்காது. அதனால் லாக் கைக்கு வந்த பிறகு, எண்ணிக்கை இன்னும் பூஜ்யமா என்று பார்த்தாக வேண்டும். அதுவும் போதாது. டைமர் லாக்குக்கு நிற்கும் அந்த நொடியில் ஒரு திரை எடுத்து, உடனே விட்டும்விடலாம். எண்ணிக்கை பூஜ்யம்தான், ஆனால் இது புதுப் பூஜ்யம், இதற்கு முழு 30 வினாடி பாக்கி. எனவே பூஜ்யத்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்று எண்ணைக் கூட்டி, அதை டைமரிடம் கொடுத்தனுப்புங்கள். எண் மாறியிருந்தால் டைமர் பேசாமல் திரும்பிவிட வேண்டும். மூடுவதும் அதே லாக்குக்குள்தான் நடக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து எடுப்பவர் கையில் பாதி மூடிய போர்ட் கிடைக்கும்.

எடு என்பது, எடுத்ததற்கு அடையாளமாக ஒரு டோக்கனைத் திருப்பித் தரட்டும். டோக்கன் தன்னை ஏற்கெனவே விட்டாயிற்றா என்று நினைவில் வைத்தால், க்ளோஸ் பட்டனை யாராவது இரண்டு தடவை அமுக்கினாலும் எண்ணிக்கை மைனஸில் போகாது.

பைத்தானின் டைமர் ஒரு சாதாரண த்ரெட், அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை. அதை டீமன் (நிரலை வெளியேறவிடாமல் பிடித்து வைக்காத த்ரெட்) ஆக்காவிட்டால் அந்த 30 வினாடி முடியும்வரை நிரல் வெளியேறாது. வெளியேறும் வழியில் காத்திருக்காமல் உடனே மூடுங்கள். கரண்ட் போய் யூபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போது எந்த ஆபரேட்டரும் அரை நிமிடம் பொறுக்கமாட்டார், பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுவார்.