சந்திர கிரகணம் போட்டோ எடுக்கப் போறீங்களா? இதெல்லாம் பண்ணாதீங்க

முதல் தப்பு கேமராவுல இல்ல, இடத்துல. கிரகணம்னாலே சேலத்துல நம்ம ஆளுங்க நிறைய பேரு ட்ரைபாட தூக்கிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போயிடுறாங்க. நிலாவ மட்டும் டெலி லென்ஸ்ல (தூரத்துல இருக்குறத பெருசா காட்டுறது) எடுக்குறதா இருந்தா அது தேவையே இல்லங்க, அஸ்தம்பட்டி ரோட்டு லைட்டுக்கெல்லாம் மங்குற ஆளா நிலா, உங்க வீட்டு மொட்டை மாடியே போதும். மேல போனா மூடுபனி வந்து லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல ஒண்ணுமே தெரியாம நிக்க வேண்டி வரலாம், இல்லனா லென்ஸ்ல பனி கோர்த்துக்கும், அத அப்பப்போ பாத்து தொடைக்கலைனா அதுக்கப்புறம் எடுக்குற படமெல்லாம் வேஸ்ட். மலை ஏற ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கு, முழு கிரகணத்துல நிலா அவ்ளோ மங்கிடுறதால பௌர்ணமி ராத்திரியிலயே நட்சத்திரம் எல்லாம் வெளிய வரும், அத வைட் லென்ஸ்ல (வானத்த அகலமா காட்டுறது) எடுக்க ஏற்காட்டு இருட்டு நிஜமாவே உதவும்.

அடுத்தது டைம். நெட்ல பல இடத்துல யுடிசிங்கற உலகப் பொது நேரம்தான் போட்டிருப்பாங்க, 5.30 மணி கூட்டிக்கணும். நம்ம ஊர்ல அந்த நேரத்துல நிலா வானத்துல இருக்கான்னும் பாக்கணும். 2026 மார்ச் 3 கிரகணத்த எடுத்துக்கங்க, முழு கிரகணம் நம்ம நேரத்துக்கு சாயந்தரம் அஞ்சரை மணி வாக்குலயே முடிஞ்சுது, அப்ப நிலா இங்க உதிக்கவே இல்ல, அப்புறம் 6.47 வரைக்கும் பகுதி கிரகணத்தோட வால் மட்டும்தான். சேலத்துக்கு கிழக்க கோதுமலை வேற இருக்கு, அடிவானத்த ஒட்டி எடுக்கணும்னா அதையும் கணக்குல வைங்க.

இப்ப மெயின் மேட்டர், எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள்ள எவ்ளோ வெளிச்சம் விடுறோம்ங்கறது. ஒரே செட்டிங்ல ராத்திரி முழுக்க ஓட்டுறதுதான் படத்த அதிகமா கெடுக்குது. கிரகணம் பிடிக்காத முழு நிலாவுக்கு எஃப் 11 (லென்ஸ் துளை அளவு, நம்பர் கூடினா துளை சின்னது), ஐஎஸ்ஓ 100 (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்), ஷட்டர் 1/100 செகண்ட் போதும். ஆட்டோல விட்டா கேமரா கருப்பு வானத்த பாத்து ஏமாந்து நிலாவ வெள்ளை இட்லி மாதிரி ஆக்கிடும். ஆனா முழு கிரகணத்துல எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 வெச்சாலும் 1 செகண்ட் வரைக்கும் போகும், ரெண்டுக்கும் நடுவுல சுமார் 6,000 மடங்கு வித்தியாசம்! இதுவும் ஒவ்வொரு கிரகணத்துக்கும் மாறும். 1991ல பினடூபோ எரிமலை வெடிச்சு காத்து மண்டலத்துல தூசி ஏறினதால 1992 டிசம்பர் கிரகணத்துல நிலா ரொம்பவே கருத்துப் போச்சு. அதனால நெட்ல பாத்த நம்பர நம்பாம, கூட குறைய வெச்சு மூணு நாலு ஷாட் எடுங்க, அப்புறமா சரி பண்ண வசதியா ரா ஃபைல்ல (கேமரா சுருக்காம அப்படியே சேமிக்கிறது) எடுங்க. அதுக்காக 5 செகண்டுக்கு போயிடாதீங்க, நிலா தன்னோட அகலத்த 2 நிமிஷத்துல தாண்டிடுது, சும்மா ட்ரைபாட்ல வெச்சா 300 எம்எம்ல ரெண்டு செகண்டுக்கு மேல இழுத்த மாதிரி வரும்.

வொயிட் பேலன்ஸ (படத்தோட நிறத்த சரி பண்ற செட்டிங்) ஆட்டோல விட்டா, பாடுபட்டு வந்த அந்த செவப்ப கேமரா பழுதுன்னு நெனச்சு சரி பண்ணிடும். டேலைட்ல வைங்க. முழு கிரகணம் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் நிழலோட ஓரத்துல நீலப்பச்சையா ஒரு பட்டை தெரியும், ஓசோன் செவப்பு வெளிச்சத்த உறிஞ்சுறதால வர்றது, நிறைய பேரு அந்த நேரத்துல எடுத்த படத்த ஸ்கிரீன்ல பாத்துட்டு நின்னு அத விட்டுடுறாங்க.

ஃபோகஸ நிலா பிரகாசமா இருக்கும்போதே லைவ் வியூல (கேமரா ஸ்கிரீன்ல நேரா பாக்குறது) பெருசாக்கி வெச்சு, ரிங்க டேப் போட்டு ஒட்டிடுங்க, இருட்டினதுக்கப்புறம் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். ட்ரைபாட்ல இருக்கும்போது கை ஆட்டத்த சரி பண்ற ஸ்டெபிலைசர் ஆஃப், ரெண்டு செகண்ட் டைமர் ஆன். மாடியில மோட்டார் ஓடினாலோ பசங்க ஓடினாலோ படம் ஆடும், சொல்லி வைங்க (கிரகண நேரத்துல சாப்பிடலாமான்ற சண்டைய அப்புறமா வெச்சுக்கலாம்).

சூரிய கிரகணத்துக்கு வாங்கின ஃபில்டர மாட்டாதீங்க, ஒண்ணுமே தெரியாது. போன் மட்டும்தான் இருக்குன்னா பைனாகுலர் கண்ணாடியில வெச்சு எடுங்க, வெறும் போன்ல வர்றது ஒரு புள்ளிதான்.

2028 டிசம்பர் 31 ராத்திரியும் முழு கிரகணம் இருக்கு, 10.20 மணி வாக்குல நடுப்பகுதி. நியூ இயருக்கு ஏற்காடு ரூம் போட்டு பகோடா பாயிண்ட் மேல நிலாவ வெச்சு டெலில எடுக்கலாம்னு பிளான் பண்றவங்க கவனிங்க, அப்ப நிலா 60 டிகிரி உயரத்துல நிக்கும், ரெண்டும் ஒரே ஃப்ரேம்ல வராது. உங்க ட்ரைபாட் தலை அவ்ளோ மேல திரும்புமான்னு இப்பவே வீட்ல மாட்டிப் பாத்துக்கங்க.