லாரி வழித்தடமும் சரக்கு இறக்கும் நேரமும்: வண்டி கிளம்பும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

நோ என்ட்ரி நேரத்தில் நகருக்குள் ஒரு லாரி பிடிபட்டால், அபராதச் சீட்டு ஓட்டுநரின் கையில்தான் போய்ச் சேருகிறது. ஆனால் தவறு பெரும்பாலும் அவரிடமிருந்து தொடங்குவதில்லை. எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த வழியாக, யாரிடம் போக வேண்டும் என்று முந்தைய நாள் மாலையில் அலுவலகத்தில் ஒருவர் அட்டவணை எழுதும்போதே அது நடந்துவிடுகிறது. ஆகவே, வண்டியை அனுப்புபவரும் சரக்கைப் பெறுபவரும் கீழே வருபவற்றைத் தமக்கான குறிப்புகளாகவே படிக்க வேண்டும்.

முதல் குழப்பம் எடையில் வருகிறது. “வண்டி காலியாகத்தானே போகிறது” என்ற சமாதானம் பல நகரங்களில் செல்லாது. லண்டன் மாநகரில் 1985 முதல் நடைமுறையில் இருக்கும் லாரிக் கட்டுப்பாட்டுத் திட்டம், 18 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளை வார நாட்களில் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரையிலும், சனிக்கிழமை பகல் 1 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரையிலும் குறிப்பிட்ட சாலைகளுக்குள் மட்டுப்படுத்துகிறது. அந்த 18 டன் என்பது அன்றைக்கு ஏற்றியிருக்கும் லோடின் கணக்கு அல்ல, அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச மொத்த எடை. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினாலும் அது 18 டன்னுக்கு மேற்பட்ட வண்டிதான். நியூயார்க் நகரமோ எடையைப் பார்ப்பதில்லை. இரண்டு அச்சுகளும் ஆறு டயர்களும் இருந்தாலோ, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் இருந்தாலோ அது டிரக், டிரக் வழித்தடத்தில்தான் போக வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் கொண்ட ஒரு நடுத்தர வண்டி லண்டன் திட்டத்தின் கண்ணில் படவே படாது. நியூயார்க்கில் அதுவே முழு லாரியாகக் கருதப்படும். ஒரு நகரத்தில் பழகிய இலக்கணத்தை வைத்துக்கொண்டு அடுத்த நகரத்துக்கு வண்டி அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். அனுமதி காலை 7 மணி வரை என்றால், 7 மணிக்குள் நகருக்குள் நுழைந்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சில விதிகள் நுழைவை மட்டும் தடுப்பது உண்மைதான். பல விதிகள் தடைநேரத்தில் அந்தச் சாலையில் லாரி ஓடுவதையே தடுக்கின்றன. இரண்டாவது வகை விதியின்கீழ் ஒரு வண்டி 5.40க்கு உள்ளே நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு இறக்கும் மேடையில் இன்னொரு வண்டி நிற்பதால் அரை மணி நேரம் காத்திருக்கிறது. இறக்கி முடித்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கும்போது 6.50 ஆகிவிடுகிறது. தடைப்பகுதியின் எல்லைக்கு இன்னும் 25 நிமிட ஓட்டம் இருக்கிறது. இந்த வண்டிக்கு இரண்டே வழிகள்: விதியை மீறிக்கொண்டு வெளியேறுவது, அல்லது தடைநேரம் முடியும்வரை உள்ளேயே எங்காவது ஒதுங்கி நிற்பது. கணக்கை எப்போதும் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும்: எல்லையைக் கடக்க வேண்டிய நேரம், அதற்கு முன் திரும்பும் ஓட்டம், அதற்கு முன் இறக்கும் நேரம், அதற்கும் முன் காத்திருப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் உள்ளே வரும் ஓட்டம்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. கி.மு. 45ஐ ஒட்டிய காலத்து ரோமானியச் சட்டம் ஒன்று, சூரிய உதயத்துக்குப் பிறகு பகலின் முதல் பத்து மணி நேரம் சரக்கு வண்டிகளை ரோம் நகருக்குள் ஓட்டக் கூடாது என்று தடுத்தது. கோயில் கட்டுமானப் பொருட்களுக்கு விலக்கு அளித்ததோடு, இரவில் உள்ளே வந்த வண்டி விடிந்த பிறகு காலியாகவோ சாண எருவை ஏற்றிக்கொண்டோ வெளியேறலாம் என்றும் அது தனியாக எழுதி வைத்தது. வெளியேறும் வண்டியை என்ன செய்வது என்று அன்றே ஒருவர் யோசித்திருக்கிறார். நம் அட்டவணைகளில்தான் அந்தப் பத்தி காணாமல் போகிறது.

நகரத்தின் கடிகாரமும் பெறுபவரின் கடிகாரமும் ஒத்துப்போகாததும் இதன் கிளைதான். நகரம் 7 மணிக்கு வாசலை மூடும், கிடங்கு 8 மணிக்குத் திறக்கும் என்றால், எந்த ஓட்டுநராலும் அந்த லோடை ஒழுங்காக இறக்க முடியாது. பெறுபவர் இரவில் ஒருவரை நிறுத்தி வைப்பாரா, சாவியை ஓட்டுநரிடம் ஒப்படைத்து, அவரே சரக்கை வைத்துவிட்டுப் போகச் சம்மதிப்பாரா, சிறிய வண்டிகளில் பிரித்து அனுப்பலாமா என்பதை ஆர்டர் எடுக்கும்போதே பேசி முடிக்க வேண்டும்.

இரவு அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பதும் தவறு. ஓடுவதற்கான அனுமதி வேறு, சத்தத்துக்கான வரம்பு வேறு. நெதர்லாந்தில் உருவான பீக் தரநிலை, இரவு 11 முதல் காலை 7 வரை ஏற்றி இறக்கும் சத்தம் 7.5 மீட்டர் தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. மாலை 7 முதல் இரவு 11 வரை அந்த வரம்பு 65. எஞ்சினை அணைத்துவிட்டால் மட்டும் இதற்குள் அடங்கிவிட முடியாது. டெயில் லிஃப்ட் என்ற பின்புறத் தூக்குமேடை தரையில் மோதும் ஓசை, இரும்புத் தட்டின்மீது தள்ளுவண்டிச் சக்கரம் ஏறும் தடதடப்பு, ரிவர்ஸ் அலாரம், ஓடிக்கொண்டே இருக்கும் குளிரூட்டி, திறந்த கதவு வழியாகக் கேட்கும் வானொலி ஆகியவைதான் அக்கம்பக்கத்தாரை எழுப்புகின்றன. அவர்களுடைய புகாரால்தான் பல இடங்களில் இரவு அனுமதி பறிபோகிறது.

வழித்தடத்தில் முதல் விதி, காருக்கான வரைபடச் செயலியை லாரிக்குப் பயன்படுத்தாமல் இருப்பது. அதற்கு வண்டியின் உயரமும் தெரியாது, அகலமும் தெரியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமே கொண்ட ரயில் பாலம் ஒன்று, எச்சரிக்கைப் பலகைகளையும் மீறி லாரிகளின் கூரையைச் சீவியே உலகப் புகழ் பெற்றது. 2019இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் வண்டிகள் போய் முட்டின. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: லோடு இறங்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து வண்டியின் கூரை சற்று மேலே எழும்பும். வரும்போது மயிரிழையில் தப்பிய பாலம் திரும்பும்போதும் விட்டுவிடும் என்று நம்ப முடியாது.

வழித்தடச் சாலையை விட்டு எங்கே விலகுவது என்பதற்கும் பொதுவாக விதி உண்டு. நியூயார்க்கில், சேருமிடத்துக்கு மிக அருகில் இருக்கும் சந்திப்பு வரை டிரக் சாலையிலேயே வந்து, அங்கிருந்துதான் உள்சாலைக்குத் திரும்ப வேண்டும்; எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் சரக்குச் சீட்டும் கையில் இருக்க வேண்டும். “சரக்கு இறக்க வரும் வண்டிகளுக்கு விலக்கு” என்று பலகை சொல்வதும், அந்தத் தெருவில் உண்மையாகவே இறக்க வேண்டிய வண்டிக்கு மட்டும்தான். குறுக்கே கடந்து போகும் வண்டிக்கு அது பொருந்தாது. கடைசி நேரத்தில் வண்டி மாறினால், வண்டி எண்ணுக்கு வழங்கப்பட்ட சிறப்பு அனுமதி மாற்று வண்டிக்குச் செல்லாது என்பதையும் அலுவலகம்தான் நினைவில் வைக்க வேண்டும். ஏற்றி இறக்கும் இடத்தை நிறுத்துமிடமாகக் கருதிச் சாப்பிடப் போய்விடுவது தனி அபராதம். அதை விளக்கத் தேவையில்லை.

கடைசியாக, சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நேர அட்டவணைத் தாள். பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் 2014 பிப்ரவரியில் நகர நிர்வாகம் பகல்நேர லாரித் தடையைக் கடுமையாக்கியது. துறைமுகத்தில் கொள்கலன்கள் தேங்கிக் குவிந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் தடை விலக்கப்பட்டது. அந்த ஏழு மாதங்களுக்கு முன்போ இடையிலோ ஒட்டிய நேர அட்டவணை, செப்டம்பருக்குப் பிறகும் ஏதோ ஒரு சுவரில் தொங்கியிருக்கக்கூடும். உங்கள் சுவரில் இருக்கும் தாளின் மூலையில், அது எந்தத் தேதியில் எந்த அறிவிப்பைப் பார்த்து எழுதப்பட்டது என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பு இல்லையென்றால், நாளைய வண்டி கிளம்பும் முன் அந்த நேரங்களை நகரப் போக்குவரத்துத் துறையிடம் ஒரு முறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.