சும்மா கிடக்கும் கம்ப்யூட் மாடியூலை வீட்டு சர்வராக்குவது எப்படி?

ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாடியூல் 4 (போர்ட்டுகள் இல்லாத குட்டிக் கணினிப் பலகை) ஒன்று மிச்சமிருந்தால் அதை மேசை டிராயரில் தூங்க விட வேண்டாம். கிகாபிட் ஈதர்நெட்டும் வேகமான டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் ஒரு லேன் பிசிஐஇ-யும் இருப்பதால் சின்ன சர்வருக்கு அருமையான பலகை. மாடியூல் 3-இல் ஈதர்நெட் இல்லாததால் இந்த வேலைக்கு அது சிரமம். மாடியூல் 3 பார்க்க லேப்டாப் ரேம் மாதிரியே இருக்கும், லேப்டாப்பின் ரேம் ஸ்லாட்டில் செருகிவிடாதீர்கள்.

இனி சொல்வதெல்லாம், மாடியூல் 4-ஐப் பொருத்தி போர்ட்டுகளும் மின்சாரமும் தரும் அதிகாரப்பூர்வ ஐஓ போர்டுக்கு. மாடியூலின் அடியில் இரண்டு 100 பின் கனெக்டர்கள் உண்டு. தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் உட்கார்ந்துவிடும் என்பதால், ஸ்க்ரூ துளைகளையும் திசையையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு நேராக அழுத்துங்கள். கழற்றும்போது ஒரு பக்கமாக நெம்பினால் பின்கள் போய்விடும்.

மாடியூலில் இஎம்எம்சி (உள்ளமைந்த சேமிப்புச் சிப்) இருந்தால் போர்டின் எஸ்டி கார்டு ஸ்லாட் வேலை செய்யாது. அது இஎம்எம்சி இல்லாத லைட் வகை மாடியூலுக்கு மட்டும். "கார்டு போட்டும் பூட் ஆகவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஓஎஸ்ஸை இஎம்எம்சியில்தான் எழுத வேண்டும். இஎம்எம்சி பூட்டைத் தடுக்கும் ஜே2 ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) போட்டு, மைக்ரோ யூஎஸ்பி கேபிளைக் கணினியில் இணைத்து, அந்தக் கணினியில் ஆர்பிஐ-பூட் (rpiboot) நிரலை ஓடவிட்டு, பிறகு போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள். பென் டிரைவ் போல இஎம்எம்சி தெரியும். தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் நிறைய உண்டு.

ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற நிரல் மூலம் 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட் (டெஸ்க்டாப் இல்லாத பதிப்பு) எழுதும்போதே பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக உள்நுழையும் வசதி) மூன்றையும் அமைத்துவிடுங்கள். 2022 முதல் இயல்பான 'பை' பயனர் கிடையாது. இதை விட்டால் திரையும் கீபோர்டும் இணைக்காமல் உள்ளே நுழைய முடியாது. எழுதி முடித்ததும் ஜம்பர், மைக்ரோ யூஎஸ்பி கேபிள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். கேபிள் இருக்கும்வரை மற்ற யூஎஸ்பி போர்ட்டுகள் செத்தே கிடக்கும். எடுத்த பிறகும் உயிர் வராவிட்டால் பூட் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பைப் (config.txt) பாருங்கள்: இந்த மாடியூலில் யூஎஸ்பி இயல்பாக அணைந்திருக்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அதை இயக்கும் வரி ஏற்கெனவே உண்டு, வேறு ஓஎஸ்ஸில் நீங்களே சேர்க்க வேண்டியிருக்கலாம்.

இஎம்எம்சி பலகையிலேயே சால்டர் செய்யப்பட்டது. எழுதி எழுதித் தேய்ந்தால் மாற்ற முடியாது. எனவே ஓஎஸ் மட்டும் அதில் இருக்கட்டும். கோப்புகள், டேட்டாபேஸ், லாக் எல்லாம் பிசிஐஇ அடாப்டர் கார்டில் போட்ட என்விஎம்இ டிஸ்க்குக்கு (வேகமான எஸ்எஸ்டி) போகட்டும். பிசிஐஇ ஸ்லாட்டுக்கு 12 வோல்ட் பவர் அடாப்டர் அவசியம். பூட்டின்போது இணைக்கும் டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் (/etc/fstab) டிஸ்க்கை அதன் தனி அடையாள எண்ணான யூயூஐடி கொண்டு குறித்து 'நோஃபெயில்' (nofail) சேருங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் கழன்ற நாளில் சர்வர் பூட்டிலேயே நின்றுவிடும்.

சிப்பின் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வேகம் குறையத் தொடங்கும், ஹீட்சிங்க் ஒட்டிவிடுங்கள்.

வீடு முழுக்க விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலுக்கு 1 ஜிபி ரேம் தாராளம், கோப்புகளைப் பகிரும் சாம்பாவும் ஓடும். ஆனால் இந்தச் சிப்பில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான முடுக்கி இல்லாததால் டிஸ்க் என்கிரிப்ஷன் மெதுவாகும். விபிஎன் வேண்டுமானால் ஏஇஎஸ்ஸை நம்பாத வயர்கார்டைத் தேர்ந்தெடுங்கள். பை-ஹோல் போடுகிறவர்கள் ரவுட்டரில் இதன் ஐபியை முன்பதிவு செய்துவிடுங்கள். எல்லாக் கருவிகளும் தளங்களின் முகவரியை இதனிடம் கேட்பதால், ஐபி மாறினால் வீடு முழுக்க இணையம் நின்றுபோனது போலத் தெரியும்.