பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு லீவு?

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு சுற்று, அக்டோபரில் மழை பிடித்ததும் இன்னொரு சுற்று. முதல் பிள்ளையை எல்கேஜியில் சேர்த்தவர்களின் லீவு விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்து குவிகிற காலம் இது. எனக்குச் சென்னையில் எச்.ஆர். வேலை, கணவருக்கும் ஆபீஸ், வீட்டில் இரண்டு பிள்ளைகள். நாங்கள் அடித்த கூத்தையே இவர்களும் அச்சு மாறாமல் அடிக்கிறார்கள். தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், டாக்டர் நம்பரைப் போனில் ஏற்றி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை. அந்தக் கூத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காலை ஏழரைக்குப் பஞ்சாயத்து

ஸ்கூல் வேன் ஹார்ன் அடிக்கிற நேரத்தில் "இன்னிக்கு நீயா, நானா" என்று ஆரம்பித்தால் அது சண்டையில்தான் முடியும். ராத்திரி படுக்கும்போதே உடம்பு கதகதவென்று இருந்தால் அப்போதே பேசி முடித்து, வீட்டில் நிற்கப்போகிறவர் மேனேஜருக்கு ஒரு வரி அனுப்பிவிடட்டும். விடிந்ததும் காய்ச்சல் இல்லையென்றால் ஆபீஸ் போய்க்கொள்ளலாம். வந்துவிட்டார் என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவின் லீவை முதலில் காலி செய்வது

இத்தனை வருஷம் லீவு கணக்கு பார்த்தும் இதைக் கண்டால் எனக்கு எரிச்சல் அடங்குவதில்லை.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதன்படி ஆண்டுக்குச் சம்பளத்துடன் 12 நாள் ஈட்டிய விடுப்பு (ஈ.எல்.), 12 நாள் நோய் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு (சி.எல்.). இதில் நோய் விடுப்பு என்பது ஊழியருக்கே உடம்பு சரியில்லாமல் போவதற்கு. பிள்ளையின் காய்ச்சலுக்குத் தன் பெயரில் மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டினால் லீவோடு மரியாதையும் போகும். ஆக, பிள்ளைக்கென்று கையில் இருப்பது முக்கியமாக அந்த 12 சி.எல்.தான். இருவருக்கும் சேர்த்தால் 24. ஆனால் முக்கால்வாசி வீடுகளில் 12 என்றே கணக்கு, அதுவும் அவளுடையது.

எங்கள் ஆபீஸில் ஒரு பெண். ஜூனில் பையனுக்குக் கை-கால்-வாய் நோய். வாயெல்லாம் புண்ணாகி மோர்கூட இறங்கவில்லை, ஒரு வாரம் இவள்தான் நின்றாள். ஆகஸ்டில் சளி, காய்ச்சல், அதற்கும் இவள். "அவருக்கு ரிவ்யூ மீட்டிங், மேடம்." நவம்பரில் மறுபடி காய்ச்சல் வந்தபோது சி.எல். சுத்தமாக இல்லை, சேர்த்து வைத்திருந்த ஈ.எல்.லும் போயிருந்தது. வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் வரவில்லை. பல கம்பெனிகளில் உள்ளதுபோல எங்களிடமும் சாண்ட்விச் விதி உண்டு: லீவுக்கு நடுவே வருகிற சனி, ஞாயிறும் லீவுதான். நான்கு நாள் சம்பளம் பிடித்தம். பதிவு போட்டதே நான்தான்.

டிசம்பர் கடைசியில் அவள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்: "அவருக்கு சி.எல். நிறைய எடுக்காமலே லாப்ஸ் ஆகுதாம் மேடம், ஏற்காடு போலாமாங்கறாரு." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி அவர், திங்கள் இவள் என்று பிரித்திருந்தால் யாருடைய சனி ஞாயிறும் நடுவில் சிக்கியிருக்காது. அந்த வருஷத்தையே ஆரம்பத்திலிருந்து பங்கு போட்டிருந்தால் சம்பளப் பிடித்தமே வந்திருக்காது.

"எனக்குச் சம்பளம் அதிகம், அதனால நீ எடு" என்பதும் இங்கேதான் உடைகிறது. சி.எல். என்பது சம்பளத்தோடு வரும் லீவு. யார் எடுத்தாலும் வீட்டுக்கு வருகிற பணம் குறையாது. சம்பளம் இல்லாத லீவில் இறங்கிய பிறகுதான் யார் சம்பளம் பெரிது என்ற கேள்விக்கே வேலை. அந்த இடத்துக்கே போகாமல் இருக்கத்தான் மாற்றி மாற்றி எடுக்கச் சொல்கிறேன். போதாக்குறைக்கு அப்ரைசலில் "அவங்க அடிக்கடி லீவுப்பா" என்ற பேச்சு வேறு. அதே மேனேஜர், அப்பா ஒருநாள் நின்றால் "பொறுப்பான ஆளு" என்பார்.

ஜனவரியில் இருவர் கையிருப்பையும் ஒரே தாளில் எழுதுங்கள். முதல் காய்ச்சலிலிருந்தே முறை வைத்து எடுங்கள். அக்டோபருக்கு மேல் தேவைப்படும் என்று இருவரும் மூன்று நாளாவது தொடாமல் வையுங்கள். அரைநாள் அரைநாளாகப் பங்கு போடுவது கேட்க நன்றாக இருக்கும். ஒருவர் சிறுசேரியிலும் மற்றவர் அம்பத்தூரிலும் இருந்தால் பாதி லீவு ரோட்டிலேயே போய்விடும்.

மத்திய அரசு வேலை என்றால் கவலையில்லை என்று நினைப்பது

பெண் ஊழியருக்கும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, வாஸ்தவம்தான். ஆனால் ஒரு தடவைக்குக் குறைந்தது 5 நாள் எடுக்க வேண்டும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு அது உதவாது. அங்கேயும் சி.எல்.தான், அங்கேயும் அப்பாவின் பங்கு தேவைதான்.

வொர்க் ஃப்ரம் ஹோம்

அது லீவு இல்லை.

மருந்துக் கணக்கைச் சொல்லாமல் ஆள் மாறுவது

மதியம் அம்மா கிளம்புகிறாள், அப்பா வந்து உட்காருகிறார். பன்னிரண்டு மணிக்குக் கொடுத்த பாராசிட்டமாலை ஒரு மணிக்கு அவரும் கொடுக்கிறார். இதைவிட மோசம் பாட்டில் மாறுவது. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. இரண்டும் ஒரே அலமாரியில் நின்றால், "எப்பவும் போல 5 மில்லி" என்பது இரண்டு மடங்காகிவிடும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் போதும்: மணி, எந்தப் பாட்டில், எத்தனை மில்லி, சூடு எவ்வளவு. மேலே பிள்ளையின் இப்போதைய எடை. டாக்டர் கேட்டால் பல அப்பாக்களுக்கு அது தெரிவதில்லை.

காய்ச்சல் விட்டதும் இருவரும் ஆபீஸ் ஓடுவது

மழைக்காலத்தில் இது ஆபத்து. டெங்குவில் சூடு இறங்குகிற நேரம்தான் கண்காணிக்க வேண்டிய நேரம். காய்ச்சல் தொடங்கி மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் அது வரும். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சுருண்டு படுப்பது என எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் டெங்குவோ என்று சந்தேகப்பட்டால் காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாளுக்கு லீவு ஒதுக்குங்கள். சின்னம்மை என்றால் கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை விடமாட்டார்கள். எப்படியும் பத்து நாள் பக்கம் போகும், முதல் நாளே ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவிடுங்கள்.

ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பாட்டியைப் பஸ் ஏற்றுவது

திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, கால் வீங்கி, காலையில் வந்து இறங்குவார். மூன்றாம் நாள் அவருக்கும் காய்ச்சல். இப்போது லீவு இரண்டு பேருக்காக எடுக்க வேண்டும்.

அப்பா நிற்கும் நாளில் அரைமணிக்கொரு போன்

கஞ்சி கட்டி தட்டினால் தட்டட்டும். போன் செய்யாதீர்கள்.