வெக்டரில் ஒப்பாசிட்டி, பிளெண்ட் மோடு: வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெக்டர் படத்தில் (பாதைகளால் வரையும் படம்) 50 சதவீத ஒப்பாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) உள்ள இரண்டு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படும் இடத்தில் அடர்த்தி 100 ஆகாது, 75தான் வரும். மேல் வட்டம் பாதியை மறைக்கிறது. மீதிப் பாதியில் பாதியைத்தான் கீழ் வட்டம் மறைக்கிறது. மூன்றாவது வட்டம் வந்தால் 87.5. எத்தனை அடுக்கினாலும் 100 வராது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல கோளாறுகளுக்குக் காரணம் உடனே பிடிபடும்.

அதிகம் காணும் தவறு, மொத்தப் படத்துக்கும் கொடுக்க வேண்டிய ஒப்பாசிட்டியைத் துண்டு துண்டாகக் கொடுப்பது. ஐந்து வட்டங்களைச் சேர்த்து ஒரு மேகம் வரைகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 60 கொடுத்தால் வட்டங்கள் சந்திக்கும் இடமெல்லாம் அடர்ந்த இதழ்களாகத் தெரியும். வட்டங்களை 100-லேயே விட்டு, கண்ட்ரோல்+ஜி அடித்துக் குரூப் செய்து, குரூப்புக்கு மட்டும் 60 கொடுங்கள். எல்லாம் ஒரே நிறம் என்றால் யூனியன் செய்து (ஒன்றாக இணைத்து) ஒரே பாத் (பாதை) ஆக்கிவிடுவது இன்னும் நல்லது.

இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் இதில் ஒரு குழப்பம் உண்டு. ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் (உள்நிறம், ஓரக்கோடு) பெட்டியில் நிறத்தோடு ஒரு ஆல்ஃபா (அந்த நிறத்தின் ஒளிபுகாத் தன்மை) ஸ்லைடர் இருக்கும். பெட்டியின் அடியில் ஒப்பாசிட்டி ஸ்லைடர் தனியாக இருக்கும். குரூப்பைத் தேர்ந்தெடுத்து ஆல்ஃபாவை இழுத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வடிவத்தின் ஃபில்லும் தனித்தனியே மாறும், இதழ்கள் திரும்ப வந்துவிடும். அடியில் இருப்பதைத்தான் இழுக்க வேண்டும்.

ஸ்ட்ரோக்கிலும் இதே கதைதான். 10 பிக்சல் ஸ்ட்ரோக்கில் 5 பிக்சல் பாதைக்கு உள்ளே, 5 வெளியே. ஃபில்லுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் தனித்தனி ஆல்ஃபா கொடுத்தால் உள்பக்க 5 பிக்சலில் ஃபில் தெரிந்து, பார்டர் இரட்டைப் பட்டையாகும். அந்தப் பட்டை வேண்டாம் என்றால் ஆல்ஃபா இரண்டையும் முழுதாக விட்டு, ஒப்பாசிட்டியை மட்டும் குறையுங்கள்.

ஒட்டி நிற்கும் இரண்டு வடிவங்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு எட்டிப் பார்ப்பதும் அந்த 75-இன் வேலையே. விளிம்பு ஒரு பிக்சலின் நடுவில் விழுந்தால், ஆன்டிஅலியாசிங் (விளிம்பை மென்மையாக்கும் முறை) அந்தப் பிக்சலில் ஒவ்வொரு வடிவத்தையும் 50 சதவீதமாக வரைகிறது. சேர்ந்து 75; மீதி 25 பின்னணி. கீழ் வடிவத்தை மேல் வடிவத்துக்கு அடியில் 1 பிக்சல் நீட்டினால் கோடு போய்விடும். ஆனால் வடிவங்கள் தனித்தனியே ஒளி ஊடுருவுபவையாக இருந்தால் நீட்டிய இடத்தில் கருங்கோடு வரும். ஆகவே முழு அடர்த்தியில் நீட்டி, பிறகு குரூப்புக்கு ஒப்பாசிட்டி கொடுங்கள்.

மேல் நிறம் கீழ் நிறத்தோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லும் பிளெண்ட் மோடுக்கு வருவோம். அதில் மல்டிப்ளை என்ற வகை இரு நிறங்களின் மதிப்பையும் (0 முதல் 255 வரை) பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. அதனால் வெள்ளை மல்டிப்ளையில் காணாமல் போகும். ஸ்கிரீன் என்ற வகையில் கறுப்பு காணாமல் போகும். அடியில் எதுவுமே இல்லாவிட்டால் பெருக்க ஆளில்லை, வடிவம் தன் சொந்த நிறத்திலேயே நிற்கும். பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்து இன்னொரு பக்கத்தில் வைத்தால் மல்டிப்ளை கூடவே வராது. இறுதிப் பின்னணியை அடியில் வைத்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

இன்னும் தந்திரமான இடம் குரூப். எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைல் வடிவில் ஒரு குரூப்புக்கு 100-க்குக் குறைவான ஒப்பாசிட்டியோ, ஃபில்டரோ, மாஸ்க்கோ (ஒரு பகுதியை மறைக்கும் மூடி) கொடுத்த உடனே அது தனித்தீவாகிவிடும். உள்ளே இருக்கும் மல்டிப்ளை குரூப்புக்குள் மட்டும் வேலை செய்யும், வெளியே இருக்கும் பின்னணியைத் தொடாது. நேற்றுவரை சரியாக இருந்த நிழல், ஒப்பாசிட்டியை 99 ஆக்கியதும் சாம்பல் திட்டாக மாறுவது இதனால்தான். தீர்வு: மல்டிப்ளையைக் குரூப்புக்கே கொடுங்கள். அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் எதிர்ப்பக்கச் சிக்கல்: குரூப்புக்குள் இருக்கும் பிளெண்ட் மோடு வெளியே இருக்கும் பின்னணிக்கும் கசியும். டிரான்ஸ்பரன்சி பேனலில் ஐசொலேட் பிளெண்டிங் போட்டால் நிற்கும்.

ஓரம் கரைந்து போகும் கிரேடியன்ட்டில் (படிப்படியாக மாறும் நிறம்) கடைசி ஸ்டாப்பை (நிறப் புள்ளியை) கறுப்பு, ஆல்ஃபா 0 என்று வைக்காதீர்கள். எஸ்விஜியில் நிறமும் ஆல்ஃபாவும் தனித்தனியே மாறுவதால் சிவப்பு பாதிவழியில் 128,0,0 (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) ஆகி அழுக்காகத் தெரியும். அதே சிவப்பை ஆல்ஃபா 0-வோடு வையுங்கள்.

அச்சுக்குப் போகும் ஃபைலில் முதலிலேயே டாக்குமென்ட் கலர் மோடை சிஎம்ஒய்கே (அச்சு மைகளின் நிறமுறை) ஆக்குங்கள். ஆர்ஜிபியில் (திரையின் நிறமுறை) சயானும் மஞ்சளும் மல்டிப்ளை ஆனால் 0,255,0 என்ற பச்சை வரும். அதை மையால் கொண்டுவர முடியாது, தாளில் மங்கிவிடும். ஸ்பாட் கலர் (முன்பே கலந்து வைத்த தனி மை) இருந்தால் டிஃபரன்ஸ், எக்ஸ்க்ளூஷன், ஹ்யூ, சாச்சுரேஷன், கலர், லுமினாசிட்டி ஆகிய ஆறு பிளெண்ட் மோடுகளையும் விட்டுவிடுங்கள். இவை ஸ்பாட் கலரைக் கலக்காது. இபிஎஸ், பிடிஎஃப் 1.3, பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ எதிலும் டிரான்ஸ்பரன்சிக்கு (ஒளி ஊடுருவலுக்கு) இடமில்லை, எல்லாம் ஃபிளாட்டன் ஆகும் (ஒரே தட்டையான படமாக்கப்படும்). அப்போது நிழலுக்கு அடியில் இருக்கும் எழுத்து அவுட்லைன் ஆகித் தடித்துப்போகும், அல்லது பிக்சலாகும். எழுத்தை எப்போதும் மேல் லேயரில் வையுங்கள். அச்சகம் ஏற்றுக்கொண்டால் டிரான்ஸ்பரன்சியை அப்படியே வைத்திருக்கும் பிடிஎஃப்/எக்ஸ்-4 அனுப்புங்கள்.